விலங்குகளின் இடம் ஆளில்லா நிலமான கதை: ‘வில்டர்னஸ்’ என்னும் சொல்

‘வில்டர்னஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டவுடன் இன்று பெரும்பாலோர் மனத்தில் எழுவது மனிதர் காலடி படாத ஒரு பெருநிலம். அடர்ந்த காடு, பனி மூடிய மலை, சாலையும் மின்கம்பியும் எட்டாத பள்ளத்தாக்கு என்று அந்தப் படம் ஆளுக்கு ஆள் மாறலாம். ஆனால் அங்கே ஆள் குடியிருப்பதில்லை என்பது மட்டும் மாறுவதில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தச் சொல்லின் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தால், இந்த ஆளின்மை அதன் வேரில் இல்லை என்பதும், மொழிபெயர்ப்பும் குடியேற்றமும் சட்டமும் சேர்ந்து பிற்காலத்தில் அதைச் சொல்லுக்குள் கொண்டுவந்தன என்பதும் தெரியவரும். இதை அகராதிச் செய்தி என்று கடந்துபோக முடியாது. இந்தச் சொல் சுட்டிய கருத்தை முன்வைத்து மக்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள். இதே சொல்லைக் கொண்டு கோடிக்கணக்கான ஏக்கர் நிலம் மரவெட்டிலிருந்து காப்பாற்றப்பட்டும் இருக்கிறது.

சொல்லைப் பிரித்தால் மூன்று உறுப்புகள் கிடைக்கின்றன. முதலில் ‘வைல்ட்’; நடுவில் பழைய ஆங்கிலத்தின் ‘டேயோர்’; இறுதியில் தன்மையையும் நிலையையும் குறிக்கும் ‘நஸ்’ என்னும் விகுதி. ‘டேயோர்’ என்றால் விலங்கு. ஆகவே முழுச்சொல்லும் காட்டு விலங்குகள் திரியும் நிலை, அவை திரியும் இடம் என்றே பொருள்பட்டது. இன்று மானை மட்டும் குறிக்கும் ‘டியர்’ என்ற ஆங்கிலச் சொல் இந்த ‘டேயோர்’ சுருங்கி வந்ததுதான். ஜெர்மன், டச்சு, சுவீடிய மொழிகளில் இதன் உறவுச் சொற்கள் இப்போதும் விலங்கு என்ற பொதுப் பொருளிலேயே வழங்குகின்றன. ஆங்கிலத்தில் மட்டும், பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த வேறு சொற்கள் பொதுப் பொருளைப் பிடித்துக்கொள்ள, பழைய சொல் வேட்டையில் முதலிடம் பெற்ற மானிடம் ஒதுங்கியது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் பைத்தியக்காரனாக நடிக்கும் எட்கர், எலிகளையும் சுண்டெலிகளையும் அவை போன்ற சின்னஞ்சிறு ‘டியர்’களையும் தின்று வாழ்ந்ததாகச் சொல்லும் இடத்தில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சமஸ்கிருதத்தின் ‘ம்ருக’ என்ற சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு என்பதைத் தமிழ் வாசகர்கள் எளிதில் உணர்வார்கள். அது பொதுவாக விலங்கையும் சிறப்பாக மானையும் குறிக்கும். நாம் மிருகம் என்று எடுத்துக்கொண்டது முதற்பொருளை. மான் தலையைக் குறிக்கும் மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயரில் இரண்டாவது பொருள் தங்கியிருக்கிறது. வெவ்வேறு இரு பண்பாடுகளில் விலங்கின் பொதுப் பெயரே வேட்டைக்குரிய மானுக்கும் பெயராக நின்றிருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

‘வைல்ட்’ என்ற முதல் உறுப்பைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு அதிகம். அது விருப்பத்தைக் குறிக்கும் ‘வில்’ என்ற சொல்லோடு தொடர்புடையது, எனவே ‘வில்டர்னஸ்’ என்பது தன் விருப்பப்படி இயங்கும் நிலம் என்று சென்ற நூற்றாண்டின் இயற்கைச் சிந்தனையாளர்கள் சிலர் விளக்கினார்கள். கேட்பதற்கு அழகான விளக்கம். ஆனால் மொழியியல் சான்று அதற்குப் போதவில்லை. ஜெர்மன் மொழியில் காட்டைக் குறிக்கும் ‘வால்ட்’ என்ற சொல்லோடு அதற்கு உறவு இருக்கலாம் என்ற கருத்துக்கும் இடமுண்டு. வேர் எதுவானாலும், இந்தச் சொற்குடும்பத்தின் மற்றொரு உறுப்பினர் கவனிக்கத் தக்கது: திகைக்க வைப்பது, குழப்புவது என்று பொருள்படும் ‘பிவில்டர்’ என்ற வினை, வழி தெரியாத இடத்திற்குள் ஒருவரை இட்டுச்சென்று தவிக்கவிடுவது என்ற கருத்திலிருந்து வந்தது. ஆக, தொடக்க காலத்தில் இந்தச் சொல்லுக்குள் இருந்தவை இரண்டு: விலங்குகளின் நிறைவும் மனிதரின் திகைப்பும்.

வெறுமை வந்து சேர்ந்தது விவிலியத்தின் வழியாக. எபிரேய மூலத்தில் ‘மித்பார்’ என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறது. ஊரையும் உழவு நிலத்தையும் தாண்டி, மழை பெய்தால் சிறிது காலம் புல் முளைக்கும், மந்தைகளை ஓட்டிச்செல்லும் வறண்ட மேய்ச்சல் வெளியே அது. மோசே தன் மாமனாரின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவது இந்த வெளிக்குத்தான். அங்கேதான் எரியும் முட்செடியைக் காண்கிறார். அங்கே ஆடு உண்டு, மேய்ப்பன் உண்டு, கிணறு தேடும் பயணிகள் உண்டு. நாம் எண்ணாகமம் என்று அழைக்கும் நூலுக்கு எபிரேயத்தில் ‘மித்பாரில்’ என்றே பெயர். இதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘எரேமோஸ்’ என்றார்கள். தனித்தது, கைவிடப்பட்டது என்று அதற்குப் பொருள், துறவியைக் குறிக்கும் ‘ஹெர்மிட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. லத்தீன் விவிலியம் எடுத்துக்கொண்ட சொல்லும் கைவிடப்பட்ட இடத்தையே குறித்தது. மேய்ச்சல் நிலம் இப்படியாகக் கைவிடப்பட்ட நிலமாயிற்று.

1380களில் வெளிவந்த விக்கிளிஃப்பின் ஆங்கில விவிலியப் பெயர்ப்பில், யோர்தான் கரையில் கூப்பிடுகிறவனின் குரல் கேட்கும் இடத்திற்கு லத்தீனை ஒட்டி ‘டெசர்ட்’ என்றே எழுதப்பட்டது. 1526இல் கிரேக்கத்திலிருந்து நேரடியாகப் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்த வில்லியம் டிண்டேல் அதே இடத்தில் ‘வில்டர்னஸ்’ என்று எழுதினார். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பெயர்ப்பு அதைப் பின்பற்றி, நாடெங்கும் தேவாலயங்களில் ஒலிக்கச் செய்தது. ஈரமும் இருளும் நிறைந்த வட ஐரோப்பியக் காட்டில் பிறந்த சொல், மரமற்ற பாறைவெளிக்குப் பெயரானது. தமிழ் விவிலியத்திலும் இதே நிகழ்வு உண்டு. எருசலேமுக்குக் கிழக்கே கிடக்கும் வறண்ட குன்றுகளைக் குறிக்க நம் மொழிபெயர்ப்பு ‘வனாந்தரம்’ என்கிறது. அந்தச் சொல்லின் முதலெழுத்துகளிலேயே வனம் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக அதை வாசித்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் வனாந்தரம் என்றதும் வெட்டவெளியைத்தான் எண்ணுகிறார்கள் என்றால், அது சொல்லின் வேரை விட வாசிப்பு வலியது என்பதற்குச் சான்று.

விவிலியம் அந்த நிலத்திற்கு ஒரு கதையையும் தந்தது. இஸ்ரயேல் மக்கள் நாற்பது ஆண்டுகள் அங்கே அலைந்தார்கள். இயேசு நாற்பது நாள் அங்கே சோதிக்கப்பட்டார். தண்டனையும் புகலிடமும் சோதனையும் தூய்மையும் ஒரே இடத்தில் கூடின. அதிகாரத்திலிருந்து விலக்கப்பட்ட அரசியல்வாதி ‘வில்டர்னஸ்’ஸில் இருக்கிறார் என்று ஆங்கில நாளிதழ்கள் எழுதுவதும், 1930களில் பதவியின்றி இருந்த சர்ச்சிலின் காலத்தை அப்படியே அழைப்பதும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். மீண்டு வரக்கூடும் என்ற நம்பிக்கை அந்த உருவகத்திற்குள் அடங்கியிருக்கிறது.

இதற்கிடையே இங்கிலாந்தின் செல்வந்தர்கள் தங்கள் மாளிகைத் தோட்டத்தில் ஒரு மூலைக்கு இந்தப் பெயரை வைத்தார்கள் என்பது வியப்பான செய்தி. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மரங்களை வரிசையாக நட்டு, இடையே நடைபாதை வெட்டி, வெட்டி ஒழுங்குபடுத்திய வேலிச் செடிகளால் அடைத்த தோப்புக்கு ‘வில்டர்னஸ்’ என்று பெயர். லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் புகழ்பெற்ற புதிர்ப்பாதை, மூன்றாம் வில்லியம் மன்னர் காலத்தில் இத்தகைய ஒரு தோப்பின் பகுதியாக அமைக்கப்பட்டதே. வழி தவறும் அச்சம் இங்கே மாலைநேர விளையாட்டாகச் சுருங்கிவிட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்தது விளையாட்டல்ல. 1620ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவுக்கு வந்து இறங்கியவர்களின் தலைவர்களுள் ஒருவரான வில்லியம் பிராட்ஃபோர்டு, தங்கள் கண்முன் கிடந்த கரையை அச்சமூட்டும் பாழான ‘வில்டர்னஸ்’ என்றும், அது காட்டு விலங்குகளும் காட்டு மனிதரும் நிறைந்தது என்றும் பின்னாளில் எழுதினார். இந்த வாக்கியத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். நிலம் பாழானது என்கிறார். அடுத்த மூச்சில் அது நிறைந்திருக்கிறது என்கிறார். நிறைந்திருப்பவர்களை விலங்குகளோடு சேர்த்து எண்ணிவிட்டதால் இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

உண்மையில் அவர்கள் இறங்கிய கரை உழப்பட்ட நிலமாக இருந்தது. இன்றைய மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில் மணலைத் தோண்டியபோது கூடைகூடையாகப் புதைத்து வைத்த மக்காச்சோளம் கிடைத்தது. அதை எடுத்துச் சென்று மறு ஆண்டு விதைத்தார்கள். பிளிமத் என்று அவர்கள் அமைத்த ஊர், பட்டக்ஸெட் என்ற வாம்பனோவாக் மக்களின் ஊர் இருந்த இடம். காடு திருத்திய வயல்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. 1616க்கும் 1619க்கும் இடையே ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த கொள்ளைநோயில் அந்த ஊரே மாண்டுபோயிருந்தது. 1614இல் கடத்திச் செல்லப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்ட டிஸ்குவாண்டம் என்ற பட்டக்ஸெட்காரர், பல நாடுகள் கடந்து 1619இல் ஊர் திரும்பியபோது அவருக்கு ஊர் இல்லை. குடியேறியவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர் அவரே. பிராட்ஃபோர்டு பாழ்நிலம் என்று கண்டது பிணக்காடாகிப்போன ஒரு வேளாண் நாட்டை. அரை நூற்றாண்டு கழித்து, 1670இல், சாமுவேல் டான்ஃபோர்த் என்ற போதகர் தன் மக்கள் ‘வில்டர்னஸ்’ஸுக்குள் இறைவன் பணிக்காக அனுப்பப்பட்டவர்கள் என்று பிரசங்கித்தபோது, விவிலியத்தின் பாலைவெளியும் மாசசூசெட்ஸின் காடும் ஒன்றாகிவிட்டன, அந்தக் காட்டின் மக்களுக்கு, விவிலியத்தில் தங்கள் நிலத்தை இஸ்ரயேலரிடம் இழந்த கானானியரின் இடம்தான் மிஞ்சியது.

சொல்லுக்கும் நிலத்துக்கும் பொருத்தமில்லாமற்போன இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864ஆம் ஆண்டு மே மாதம் வடக்கின் தளபதி கிராண்டின் படையும் தெற்கின் தளபதி லீயின் படையும் மோதிய இடத்திற்கு வர்ஜீனியாவில் ‘வில்டர்னஸ்’ என்றே பெயர். இரும்பு உலைகளுக்குக் கரி சுடுவதற்காகப் பழைய காட்டை முழுவதும் வெட்டித் தீர்த்தபின் தாறுமாறாக முளைத்த புதர்க்காடு அது. காயம்பட்டுக் கிடந்த வீரர்கள் பலர் அந்தப் புதர்த் தீயில் எரிந்து மடிந்தார்கள். மனிதக் கையே உண்டாக்கிய நிலத்திற்கு மனிதக் கை படாத நிலத்தின் பெயர் நிலைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அச்சம் வழிபாடாக மாறத் தொடங்கியது. காடுகள் வேகமாக வெட்டப்பட்டு, நகரங்கள் பெருகியபோது, அஞ்சி வெறுத்த நிலம் அரிய பொருளாயிற்று. 1862இல் வெளியான, அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் கட்டுரையில் உலகின் காப்பு ‘வைல்ட்நஸ்’ஸில் இருக்கிறது என்ற வரி உண்டு. அதைப் பலர் ‘வில்டர்னஸ்’ என்று மாற்றி மேற்கோள் காட்டுகிறார்கள். வேறுபாடு சிறிதல்ல: தோரோ சொன்னது ஒரு பண்பு, அது மனிதருக்குள்ளும் ஊருக்கு அருகேயுள்ள சதுப்பிலும் இருக்கலாம். மாற்றிச் சொல்பவர்கள் அதைத் தொலைதூர இடமாக்கிவிடுகிறார்கள். இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் கலிபோர்னியாவின் மலைகளைத் தேவாலயம் என்று கொண்டாடினார். அவருடைய எழுத்தின் உந்துதலால் 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவானது.

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் புல்வெளிகளும் இடைவெளி விட்டு நிற்கும் கருவாலி மரங்களும் இயற்கை தானே அமைத்த பூங்கா என்று வந்தவர்கள் வியந்தார்கள். அங்கே வாழ்ந்த அவானிச்சி மக்கள் குறிப்பிட்ட பருவங்களில் தரைப்புதர்களுக்குத் தீயிட்டு, தங்கள் உணவான கருவாலிக் கொட்டைகள் நன்கு விளையும்படி அந்த வெளியைக் காத்துவந்தார்கள். 1851இல் மாரிப்போசா படை என்ற கலிபோர்னியத் தன்னார்வப் படை அவர்களுடைய குடியிருப்புகளையும் சேமித்து வைத்த கொட்டைகளையும் எரித்து அவர்களை விரட்டியது. திரும்பி வந்தவர்களில் சிலர் பூங்காவின் ஊழியர்களாக வாழ்ந்தார்கள். அவர்களுடைய கடைசி ஊரும் 1969இல் அகற்றப்பட்டது. தீயிடுவது நின்றபின் ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் நெருங்கி வளர்ந்தன. எதைக் காப்பதாக எண்ணினார்களோ அது, அதைப் பேணியவர்களை வெளியேற்றியதால் உருமாறியது. லகோட்டா இனத்தவரான லூதர் ஸ்டாண்டிங் பேர் 1933இல் எழுதிய நூலில், வெள்ளையருக்கு மட்டுமே இந்த நிலம் ‘வில்டர்னஸ்’ என்றும், தம் மக்களுக்கு அது பழகிய நிலமாகவே இருந்தது என்றும் எழுதினார்.

இந்தச் சொல்லுக்குச் சட்டப்பொருள் வந்தது இருபதாம் நூற்றாண்டில். ஆல்டோ லியோபோல்டு என்ற வன அதிகாரியின் முயற்சியால் 1924இல் நியூ மெக்சிகோவின் கீலா மலைப்பகுதி முதல் ‘வில்டர்னஸ்’ஸாக ஒதுக்கப்பட்டது. சாலை இல்லாமல், பொதிக்குதிரையோடு இரண்டு வாரம் பயணம் செய்யும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். அது அப்பாச்சி மக்களின் தாயகம் என்பது அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை. பின்னர் இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தவரான ஹோவர்டு ஜானைசர் எட்டு ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட வரைவுகள் எழுதித் திருத்திய ‘வில்டர்னஸ்’ சட்டத்தில் 1964 செப்டம்பர் 3 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். ஜானைசர் அதற்கு நான்கு மாதம் முன்பே இறந்துபோனார்.

அந்தச் சட்டத்தின் வரையறையில் ஒரு சொல்லுக்காக ஜானைசர் பிடிவாதமாக நின்றார். மண்ணும் அதன் உயிர்க்கூட்டமும் மனிதரால் ‘அன்டிராமல்டு’ ஆக இருக்கும் இடம், மனிதர் தங்காமல் வந்துபோகும் விருந்தினராக இருக்கும் இடம் என்பது வரையறை. கலையாதது என்று எளிய சொல்லைப் போடும்படி நண்பர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ‘டிராமல்’ என்பது வலை. லத்தீனின் மூன்று, கண்ணி என்ற இரு சொற்களிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அகன்ற கண்களுள்ள இரு வெளிவலைகளுக்கு நடுவே சிறு கண்களுள்ள ஒரு வலையைத் தளர்வாகத் தொங்கவிடுவார்கள். மீன் நடுவலையில் மோதி, அதைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் பெரிய கண்ணுக்குள் நுழையும்போது தானே ஒரு பை உண்டாகி அதற்குள் சிக்கிக்கொள்ளும். தமிழ்க் கடற்கரைகளில் இறால் பிடிக்கும் டிஸ்கோ வலையும் இதே மூன்றடுக்கு வலைதான். ஆகவே ஜானைசரின் சொல், அந்த நிலத்தில் மனிதர் கை பட்டதே இல்லை என்று சொல்லவில்லை. இனி அதன் போக்கை வலைபோட்டுக் கட்டுப்படுத்தாமல் விட வேண்டும் என்று சொல்கிறது.

இந்த நுணுக்கம் நடைமுறையில் பெரிய பலன் தந்தது. கன்னி நிலத்திற்கு மட்டுமே சட்டம் பொருந்தும் என்றால் கிழக்கு மாநிலங்களில் தகுதியான நிலமே இருந்திருக்காது. 1975இல் அங்கே பல பகுதிகள் சேர்க்கப்பட்டன. ஒருகாலத்தில் மரம் வெட்டியும் உழுதும் பயன்படுத்திப் பின் காடு மீண்ட நிலங்கள் அவை. வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பூங்காவில் ‘வில்டர்னஸ்’ என்று அறிவிக்கப்பட்ட காட்டுக்குள் நடந்தால், 1930களில் பூங்காவுக்காக வெளியேற்றப்பட்ட மலைக்குடிகளின் வீட்டுப் புகைபோக்கிகளும் கல்லறைகளும் மரங்களுக்கிடையே நிற்பதைக் காணலாம். 1964இல் 91 லட்சம் ஏக்கரில் தொடங்கிய பரப்பு இன்று 11 கோடி ஏக்கரைத் தாண்டிவிட்டது; அதில் பாதிக்கு மேல் அலாஸ்காவில். அலாஸ்காவுக்கான 1980ஆம் ஆண்டுச் சட்டம், அங்குள்ள கிராமத்து மக்கள் வாழ்வாதாரத்திற்காக வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அந்த நிலங்களில் இடம் தந்தது. வரையறையை விட நடைமுறை சில இடங்களில் நியாயமாக நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அமெரிக்காவை விட்டு வெளியே போன கருத்து, இந்த நுணுக்கங்களோடு போகவில்லை. ஆளில்லாத இயற்கைதான் தூய இயற்கை என்ற பொத்தாம்பொதுவான கருத்தாகவே போனது. இந்திய வரலாற்றாய்வாளர் ராமச்சந்திர குஹா 1989இல் எழுதிய கட்டுரையில், மக்கள் நெருக்கமாக வாழும் இந்தியா போன்ற நாட்டில் இந்த இலட்சியத்தை நட்டால் அதன் விலையை ஏழைகளே கொடுப்பார்கள் என்று 1973இல் தொடங்கிய புலித் திட்டத்தைக் காட்டி வாதிட்டார். அமெரிக்க வரலாற்றாய்வாளர் வில்லியம் குரோனன் 1995இல், மக்களை வெளியேற்றி உருவாக்கியதை இயற்கையின் ஆதிநிலை என்று கொண்டாடுவதில் உள்ள பொய்மையைத் தன் நாட்டாருக்கே எடுத்துச் சொன்னார். 2006இல் திருத்தப்பட்ட இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், புலிகளின் முக்கிய வாழிடங்களை மனிதத் தலையீடு இல்லாதவையாக வைக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோரின் உரிமையை முதலில் அங்கீகரிக்கச் சொல்கிறது. முதுமலையில் குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் நிலம் இந்த இரு சட்டங்களுக்கும் நடுவே இருக்கிறது. இரண்டும் ஒருசேர நிறைவேற வழி இல்லை என்ற முடிவுக்கு வர நான் மறுக்கிறேன். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்களின் சமூக வன உரிமைகள் 2011இல் அங்கீகரிக்கப்பட்டன. அதுவும் ஒரு புலிகள் காப்பகமே.

ஜானைசரின் சொல் இன்று எழுப்பும் கேள்வி வேறு வகையானது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவில் பெரும்பகுதி ‘வில்டர்னஸ்’. 1940களின் இறுதியில் உறைந்த ஏரிமேல் நடந்து ஓநாய்கள் அங்கே வந்து சேர்ந்தன. 1958 முதல் அவற்றையும் அவை வேட்டையாடும் மூஸ் என்னும் பெரிய மான்களையும் ஆய்வாளர்கள் கணக்கெடுத்து வருகிறார்கள். வெப்பம் கூடியதால் ஏரி உறைவது அரிதாகி, புதிய ஓநாய்கள் வர வழியின்றி, இரத்த உறவுக்குள்ளேயே இனம்பெருகி நலிந்து, இறுதியில் இரண்டே ஓநாய்கள் மிஞ்சின. வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விடுவது வலை போடுவதாகுமா, அல்லது பருவநிலையைக் கெடுத்து மனிதர் ஏற்கெனவே போட்ட வலையை அறுப்பதாகுமா என்று சட்டம் அறிந்தவர்களும் உயிரியலாளர்களும் வாதிட்டார்கள். கைவைக்காமல் விடுவதே சட்டத்தின் சொல் என்றவர்களின் வாதத்திலும் வலு இருந்தது. தேசியப் பூங்காத் துறை 2018இல் கொண்டுவர முடிவு செய்தது. அடுத்த ஆண்டுக்குள் பத்தொன்பது ஓநாய்கள் தீவில் விடப்பட்டன. அவை குட்டிபோட்டுப் பெருகி 2023இல் முப்பதை ஒட்டிய எண்ணிக்கையை எட்டின. இரண்டாயிரம் வரை பெருகியிருந்த மூஸ்கள் ஆயிரத்திற்குக் கீழே வந்தன.